முதல் சவரக்கத்தி: ஐயாவின் பிடியில் ஒரு சோலிங்கன் அலகு

என் மேசை இழுப்பறையில் இப்போது மூன்று சவரக்கத்திகள் இருக்கின்றன. முகத்தில் வைப்பது ஒன்றைத்தான். மற்ற இரண்டில் ஒன்று வாங்கவே கூடாதது. இன்னொன்று நானே கொண்டுபோய்க் கெடுத்தது. மடக்குக் கத்தியில் சவரம் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் அந்த இரண்டையும் தாண்டி நேராக மூன்றாவதற்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. தாடி முடி சுருட்டை. மூன்று பிளேடு, ஐந்து பிளேடு அடுக்கிய ரேசரில் வழித்தால் அன்றைக்கு முகம் பளிச்சென்று இருக்கும். மறுநாள் கழுத்து முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். முதல் பிளேடு முடியை இழுத்துக் கொடுக்க, அடுத்தது அதைத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுகிறது. சுருட்டை முடி திரும்ப வளரும்போது வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து குத்துகிறது. தோல் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "ஒத்தை பிளேடுக்கு மாறுங்க. முடி போற வாக்குலயே வழிங்க."

ஒற்றை பிளேடு என்றதும் ஐயாவின் கத்திதான் ஞாபகத்துக்கு வந்தது. ஐயா என் அப்பாவின் அப்பா. இளவயதில் பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். திரும்பி வரும்போது கொண்டுவந்த சாமான்களில் கறுப்புக் கொம்புப் பிடி போட்ட சவரக்கத்தி ஒன்று. பள்ளத்தூரில் வீட்டு ஜன்னல் கம்பியில் தோல் வாரை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியை மேலும் கீழும் தப் தப்பென்று அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் இன்று எங்கோ கல்யாணத்துக்குப் புறப்படுகிறார் என்று தெரிந்துகொள்வோம். அவர் போய் இருபது வருடமாகிவிட்டது. கத்தியை அப்பத்தா ஒரு தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தார்.

அந்தக் கத்தியில் பழக எனக்கு மனம் வரவில்லை. புதிதாக ஒன்று வாங்கிப் பழகிவிட்டு அப்புறம் அதைத் தொடலாம் என்று நினைத்தேன். அப்போது சரியென்று தோன்றிய இந்த யோசனையில்தான் முதல் தப்பு நடந்தது.

இணையத்தில் படம் பார்த்து வாங்கினேன். அலகு முழுக்க அலை அலையாகக் கோலம், ரோஸ்வுட் பிடி, பித்தளை ஆணி, தோல் உறை. விலை 1,900 ரூபாய். கையில் எடுத்தபோது கனமாக, அழகாக இருந்தது. முகத்தில் வைத்ததும் முடியை வெட்டாமல் பிடித்து இழுத்தது. கூர் இல்லை, தீட்டினால் வந்துவிடும் என்று ஒரு தண்ணீர்க் கல் வாங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேய்த்தேன். கூர் வரவே இல்லை. கடைசியில் கனம் அளக்கும் வெர்னியரை எடுத்து அளந்தபோதுதான் காரணம் புரிந்தது.

சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் (வெட்டுகிற ஓரம்) இரண்டும் சேர்ந்து கல்லில் படுத்திருக்க வேண்டும். அரிவாள்மனையையோ காய்கறிக் கத்தியையோ தீட்டுகிற மாதிரி கையால் சாய்வு பிடிக்கிற வேலை இதில் கிடையாது. முதுகின் கனமும் அலகின் அகலமும் சேர்ந்துதான் கூரின் கோணத்தை முடிவு செய்கின்றன. முதுகு 4.6 மில்லிமீட்டர் கனம், அலகு 16 மில்லிமீட்டர் அகலம் என்றால் வாயின் கோணம் சுமார் பதினாறரை டிகிரி. முகத்துக்கு அது ரொம்பப் பொருத்தமான கோணம். அதாவது, கத்தியைச் செய்தவர் முதுகை வடிக்கும்போதே கூரின் கோணத்தையும் வடித்துவிடுகிறார். நான் வாங்கியதில் முதுகு ஒரு பக்கம் 4.9, முனைப் பக்கம் 3.7. கண்ணாடி மேல் படுக்கவைத்தால் ஆடிக்காற்றில் கதவு அடிப்பதுபோல் டக் டக்கென்று ஆடுகிறது. அலகே முறுக்கியிருக்கிறது. இதற்கு எந்தக் கல்லாலும் கூர் வைக்க முடியாது. சவரக்கத்தி மாதிரி வடிவம் செய்து விற்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். இரும்பும் இளசு, ஊசி முனையால் கீறினால் கோடு விழுகிறது.

இரண்டாவது தப்பை நினைத்தால் இன்றும் வயிறு பிசைகிறது. புதுக் கத்தி ஏமாற்றியதும் ஐயாவின் கத்தியை எடுத்தேன். வாய் மழுங்கியிருந்தது. அந்த வாரம் தெருவில் சாணைக்காரர் வந்தார். மிதித்துச் சுற்றும் சக்கரம் போய், இப்போது சின்ன மோட்டார் வைத்த வண்டி. அவர் கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இப்ப யாரு தம்பி வெச்சிருக்கா" என்று பிரியமாகத்தான் கேட்டார். சக்கரத்தில் ஒரு முறை வைத்தார். பொறி பறந்தது. அடுத்த நொடியில் வாய் ஓரமாக மஞ்சள், அதன் மேல் ஊதா, அதன் மேல் நீலம் என்று மயில்கழுத்து நிறம் ஓடியது.

மோட்டார் ஷாஃப்ட் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு அந்த நீலம் என்ன என்று உடனே தெரிந்தது. எஃகில் நீலம் ஏறினால் அந்த இடம் 300 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். சவரக்கத்தியின் கெட்டித்தன்மை அவ்வளவு சூட்டைத் தாங்காது, பதம் போய்விடும். வாய் முடியின் கனத்தைவிட மெல்லியது, சூடு ஒரு கண் இமைப்பில் ஏறிவிடும். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர் தொழில் அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் உரியது. கொண்டுபோய் நீட்டியவன் நான். அதற்கப்புறம் கல்லில் எவ்வளவு தேய்த்தும், கூர் வந்த மாதிரி வந்து, வாரில் நான்கு இழுப்பு இழுத்ததும் மடங்கிவிட்டது. சுற்றுகிற சக்கரம் எதிலும், அது எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும், சவரக்கத்தியை வைக்காதீர்கள்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சலூன். கடையை இப்போது மகன் பார்க்கிறார். எல்லா இடத்திலும் இருப்பது போல அங்கேயும் பாதி பிளேடு சொருகும் கத்திதான். ஆளுக்கு ஒரு பாதி, முடிந்ததும் குப்பையில். பல பேருக்குச் சவரம் செய்கிற இடத்தில் அதுதான் சரி, இரத்தம் வழியாகத் தொற்றும் நோய்கள் இருக்கும்போது ஒரே கத்தி கூடாது. ஆனால் அவருடைய அப்பா, எழுபது தாண்டியவர், பழைய கத்தியில் தொழில் கற்றவர். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அடப்பத்தை, அந்தத் தோல் பையை, இன்னும் கடைக்குள் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

ஐயாவின் கத்தியைக் காட்டினேன். நீலத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: "தம்பி, மொதல்ல வாங்குற கத்தி நல்லா வெட்டுற கத்தியா இருக்கணும். கத்தி மேல சந்தேகம் இருந்தா, கை தப்பா கத்தி தப்பான்னு ஒனக்குத் தெரியாது. கத்தி நல்லதுன்னு தெரிஞ்சா, வெட்டுனா கை தப்பு. அதை மாத்திக்கலாம்."

எந்தக் கத்தி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் இன்றும் நான் இதைத்தான் திருப்பிச் சொல்கிறேன். பேரும் வேண்டாம், கோலமும் வேண்டாம். முதுகு நேராக, இரும்பு பதமாக, வாய் தீட்டியதாக ஒன்று வேண்டும். தீட்டத் தெரிந்த ஒருவர் முகத்துக்குத் தயாராகக் கொடுத்தால் அதையே வாங்குங்கள், ஐந்நூறு ஆயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் புதுக் கத்திகளில்கூடப் பல முகத்தில் வைக்கிற அளவுக்குத் தீட்டப்படாமலே வருகின்றன. பாதி பிளேடு சொருகும் சலூன் கத்தியில் பழகலாமே என்று கேட்பார்கள். விலை குறைவு, தீட்டும் வேலை இல்லை, உண்மைதான். ஆனால் கத்தி எடையே இல்லாமல் இருக்கும், பிளேடோ பயங்கரக் கூர். கோணம் சற்றுத் தவறினாலும் மன்னிக்காது. என் முகத்தில் அது போட்ட கீறல்களை வைத்துச் சொல்கிறேன், பழகுவதற்கு அதைவிட நிஜக் கத்தி சாந்தமானது.

அளவு எது? சவரக்கத்தியை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காக அளக்கிறார்கள்: 4/8, 5/8, 6/8, 7/8. பெரியப்பா அதைத் தமிழில் அழகாகச் சொன்னார்: அரை, அரையே அரைக்கால், முக்கால், முக்காலே அரைக்கால். பழைய கணக்குப் பிள்ளைகள் வட்டிக் கணக்கில் சொன்ன அதே பின்னங்கள். புதியவருக்கு அரையே அரைக்கால் அங்குலம் சரி, 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூக்குக்குக் கீழே திரும்ப இடம் இருக்கும், கையில் சமநிலை இருக்கும். முக்காலும் நல்லதுதான், நுரை அதிகம் தாங்கும், ஆனால் மீசை ஓரத்தில் கொஞ்சம் தடுமாறும். முனை உருண்டையாக இருக்கட்டும். சதுர முனை மீசையைச் செதுக்க வசதி, ஆனால் பழகும் வரை காதோரத்தில் குத்தும். அலகின் பக்கவாட்டைக் குடைந்திருக்கும் அளவிலும் வித்தியாசம் உண்டு. ஆப்பு மாதிரி தடியானவையும் உண்டு, காகிதம்போல் முழுக்கக் குடைந்தவையும் உண்டு. நடுவாந்தரமோ முழுக் குடைவோ இருந்தால் தீட்ட எளிது. ஆப்பு வடிவத்தில் கல்லில் உரச வேண்டிய இரும்பு அதிகம், மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும்.

சரி, எங்கே வாங்குவது? காரைக்குடியில் இருந்துகொண்டு இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்தவர்கள் கொண்டுவந்து சேர்த்த சாமான்கள் வீடு பாகம் பிரியும்போதும் இடிக்கும்போதும் அங்கேதான் வந்து குவிகின்றன. ஸ்வீடன் எனாமல் தூக்குகள், பெல்ஜியம் கண்ணாடிகள், பூட்டுகள், எடைக்கற்கள். அவற்றுக்கு நடுவில், யாரும் கேட்காத ஒரு தகர டப்பாவில், சவரக்கத்திகளும்.

போகும்போது மூன்று சாமான் எடுத்துப் போனேன்: வெர்னியர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு உள்ளங்கை அளவு கண்ணாடித் துண்டு. கண்ணாடித் துண்டு ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் நண்பரிடம் வாங்கியது. ஆத்தங்குடிக் கல்லுக்கு அந்த வழுவழுப்பு கண்ணாடியிலிருந்துதான் வருகிறது. கண்ணாடிப் பலகை மேல் சட்டத்தை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி எடுக்கிறார்கள். கண்ணாடி எவ்வளவு சமமோ கல்லின் முகமும் அவ்வளவு சமம். அலகு முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க அதைவிட நம்பகமான தளம் கைக்கடக்கமாக வேறு கிடையாது.

டப்பாவில் ஏழு கத்தி இருந்தது. நாலு பார்த்தவுடனே கழிந்துவிட்டன, துரு வாயைத் தின்றிருந்தது. மூன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். கடைக்காரர் டீ வாங்கித் தந்தார்.

முதலாவது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊரில் செய்தது. முக்காலே அரைக்கால் அகலம், ஆப்பு வடிவம், கம்பீரமான கத்தி. அலகில் ஊர் பெயர் மட்டும் இருந்தது, நாட்டின் பெயர் இல்லை. 1891-இல் அமெரிக்க இறக்குமதிச் சட்டம் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று கேட்ட பிறகுதான் இங்கிலாந்து என்று பொறிக்கும் வழக்கம் பரவியது. பெயர் இல்லாவிட்டால் அதற்கு முந்தையதாக இருக்கலாம். ஆனால் முதுகைப் பார்த்தால் இரண்டு பக்கமும் அகலமாக, கண்ணாடிபோல் தட்டையாகத் தேய்ந்திருந்தது. பல தலைமுறை கல்லில் அழுத்தித் தேய்த்த கத்தி. வாய் நடுவில் உள்வாங்கி, புருவம் சுளித்த மாதிரி வளைந்திருந்தது. உள்வாங்கிய வாய் கன்னத்தில் நடுப்பகுதி படாமல் இரண்டு ஓரத்தால் மட்டும் வெட்டும். அதோடு பிடி வெள்ளையாக, குறுக்கும் நெடுக்கும் நுண்ணிய வலைக்கோடுகளோடு இருந்தது. யானைத் தந்தம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம். பழம்பொருள் என்று சொல்லிக்கொண்டு வாங்கிவிட முடியாது. மெதுவாகக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இரண்டாவது பார்க்கக் குறையே இல்லை. முழுக் குடைவு, துரு இல்லை, எட்டில் ஆறு. பெரியப்பா சொல்லிக்கொடுத்தபடி கட்டைவிரல் நகத்தால் வாயின் பக்கவாட்டை லேசாகத் தட்டினேன். முழுக்கக் குடைந்த நல்ல அலகு கோயில் மணியின் கடைசி ஓசைபோல் ங்ங் என்று நீளும். இது 'டொக்' என்றது. லென்ஸில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால், வாயிலிருந்து மேலே ஒரு மயிரிழை. விரிசல். இந்த மாதிரி அலகு சவரத்தின் நடுவில் தெறிக்கலாம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்றாவதைக் கையில் எடுக்கும்போதே அழுக்காக இருந்தது. அரையே அரைக்கால். உருண்டை முனை. அலகு பிடியோடு சேரும் கழுத்துப் பக்கம் சோலிங்கன் என்ற பொறிப்பு மங்கலாக. ஜெர்மனியில் அந்த ஊர்ப் பெயரைக் கத்தியில் பொறிக்க 1938-இலேயே சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. அந்த ஊர்த் தொழில் வட்டாரத்துக்குள் செய்தால்தான் போடலாம். முதுகில் தேய்மானம் நூல் அகலம், இரு பக்கமும் ஒரே மாதிரி. அப்படியென்றால் முன்பு வைத்திருந்தவர் ஒழுங்காகத் தீட்டியவர். கண்ணாடியில் படுக்கவைத்தேன், அசையவில்லை. வெர்னியரில் முதுகு 4.6, 4.6, 4.5. தட்டினால் ங்ங் என்றது.

குறை என்றால் பிடிதான். ஆமை ஓடு மாதிரி மஞ்சளும் பழுப்புமாக இருந்த பிடியின் நடுவில் நொறுங்கி வெடித்திருந்தது. அலகு மடிந்து உட்காரும் இடத்தில், சரியாக அந்த வெடிப்புக்கு நேரே, கறுத்த துருத் திட்டு. பிடியைக் கட்டைவிரலால் சூடு வரும்வரை தேய்த்து முகர்ந்தேன். கற்பூர வாசனை. செல்லுலாய்டு. கற்பூரம் சேர்த்துச் செய்கிற பழைய பிளாஸ்டிக் அது. வயதானால் உள்ளிருந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயு கசிந்து, காற்று ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, பக்கத்தில் இருக்கும் இரும்பைத் தின்னும். துரு வாய் வரைக்கும் போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. லென்ஸில் பார்த்தேன், வாய்க்கு ஒரு மில்லிமீட்டர் மேலேயே நின்றிருந்தது. 1,500 சொன்னார், 1,200-க்கு முடிந்தது.

வீட்டுக்கு வந்து முதல் வேலை அந்தப் பிடியைக் கழற்றினேன். இரண்டு ஆணியின் தலையையும் சின்ன அரத்தால் ராவிவிட்டு, மெல்லிய பஞ்ச் வைத்துத் தட்டித் தள்ளினால் வந்துவிடும். செல்லுலாய்டைத் தீக்கருகே கொண்டுபோக வேண்டாம், பஞ்சுபோல் பற்றிக்கொள்ளும்.

அலகுக்குத் துரு எடுப்பது பொறுமையான வேலை. வாயை முதலில் இன்சுலேஷன் டேப்பால் இரண்டு சுற்று மூடினேன், விரலுக்கும் வாய்க்கும் இரண்டுக்கும் பாதுகாப்பு. மண்ணெண்ணெயில் ஒரு இரவு. அப்புறம் பாட்டில் கார்க் துண்டில் எமரித்தாளைச் சுற்றி, 400, 600, 1000, 2000 என்று (எண் கூடக் கூடத் தாள் நயம்), எப்போதும் நீளவாக்கிலேயே. எதிர்வாக்கில் கை வழுக்கினால் நேரே வாய். மெஷினில் பஃப் அடித்தால் ஐந்து நிமிடத்தில் பளபளக்கும்தான். ஆனால் சூடு ஏறும், பொறிப்பு அழியும், சக்கரம் கத்தியைப் பிடுங்கி எறிந்தால் எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல முடியாது. நான் ஏற்கெனவே ஒரு கத்தியைச் சக்கரத்துக்குக் கொடுத்தவன். கையாலேயே நான்கு மாலை தேய்த்தேன். துருத் திட்டு இருந்த இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் மிஞ்சின. வாயில் இல்லாததால் அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்தது கல். இதற்குத்தான் கத்தியைவிட அதிகம் செலவு. தாள் மாதிரியே எண் கூடக் கூடக் கல்லும் நயம்: 1000, பிறகு 4000-மும் 8000-மும் ஒட்டிய இரட்டைக் கல், கடைசியில் ஒரு 12000. தண்ணீர்க் கற்கள் தேய்ந்து குழிவதால் அடிக்கடி சமப்படுத்த வேண்டும். ஆத்தங்குடி நண்பரிடமே தடித்த கண்ணாடிப் பலகை ஒன்று கேட்டு வாங்கி, அதன் மேல் தண்ணீர்த்தாள் ஒட்டி, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டம் முழுக்க அழியும்வரை தேய்ப்பேன்.

முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், முதுகு தேயாமல் இருக்க. டேப் ஒட்டினால் கோணம் ஒரு டிகிரி கூடும், அதனால் பாதகம் இல்லை. ஆனால் ஒரு முறை டேப்போடு தீட்டினால் எப்போதும் டேப்போடுதான் தீட்ட வேண்டும். வாயின் இரண்டு பக்கமும் மார்க்கர் மை பூசி 1000 கல்லில் ஐந்து இழுப்பு. வாய் முன்னால் போக, முதுகு பின்னால் வர, குதியிலிருந்து முனை வரை கல்லைக் குறுக்காகக் கடக்கிற மாதிரி. மை எங்கே போயிருக்கிறது என்று லென்ஸில் பார்த்தால் கல் எங்கே தொடுகிறது என்று தெரியும். முனையில் மை போகவே இல்லை. மணிக்கட்டு அங்கே தூக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யவே ஒரு மாலை போனது. இரண்டு பக்கச் சரிவும் ஒன்றையொன்று முழு நீளத்துக்கும் சந்திக்கும்வரை 1000-லிருந்து மேலே போகக் கூடாது. மேல் கற்களெல்லாம் மெருகு மட்டும்தான் ஏற்றும். கை முடியைத் தோல் படாமல் மேலாகச் சீவினால் முழு நீளத்திலும் வெட்ட வேண்டும். வெட்டியது.

"கல்லுல அமுக்காத. கத்தி கனமே போதும்" என்று பெரியப்பா மூன்று தடவை சொல்லியிருந்தார். அதன் அர்த்தம் 8000-இல்தான் புரிந்தது. கல் மேல் ஒரு படலம் தண்ணீர். ஆரம்பத்தில் கத்தியின் வாய் அந்தத் தண்ணீரைச் சின்ன அலையாக முன்னால் தள்ளிக்கொண்டே போனது. முப்பது இழுப்பு தாண்டியதும் அலை நின்றுவிட்டது. வாய் தண்ணீருக்கு அடியில் நுழைந்து, தண்ணீர் அலகின் மேல் ஏறி வழிய ஆரம்பித்தது. கல்லில் கத்தி லேசாக ஒட்டுகிற மாதிரி ஒரு பிடிப்பு. இரவு பத்தரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. நான் மட்டும் குழாயடியில் உட்கார்ந்து அந்தத் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடிக்கு வருகிறேன். புதிதாக மரத்தில் செதுக்கலாம் என்று தேக்குத் துண்டு எடுத்து வைத்திருந்தேன். அப்போதுதான் ஐயாவின் கத்தி கண்ணில் பட்டது. அதுவும் அரையே அரைக்கால்தான். அலகுதான் போயிற்று, கொம்புப் பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு அலகையும் பக்கத்தில் வைத்து அளந்தேன். ஆணித் துளையிலிருந்து முனைவரை மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், சோலிங்கன்தான் குட்டை. பிடிக்குள் தாராளமாக அடங்கும், அடிக்கட்டையில் வாய் இடிக்காது. அப்பத்தாவிடம் கேட்டேன். "தகரப் பெட்டிக்குள்ள கெடந்து என்ன ஆகப்போகுது, போட்டுக்கடா" என்றார்.

இருபது வருடம் பெட்டியில் கிடந்த கொம்பு வறண்டிருந்தது. அப்படியே தட்டினால் வெடிக்கும். ஒரு வாரம் தினமும் விளக்கெண்ணெய் தடவித் துடைத்தேன், கறுப்பு மெல்ல மெல்ல ஆழமாகத் திரும்பி வந்தது. ஆணிக்கு 16 கேஜ் பித்தளைக் கம்பி, அதாவது 1.6 மில்லிமீட்டர் சொச்சம். இருபுறமும் சின்ன வாஷர். உருண்டைத் தலைச் சுத்தியலால் கடிகாரம் ஓடுகிற மாதிரி டிக் டிக்கென்று, பலமே இல்லாமல், நூறு தட்டு. அவசரப்பட்டு ஓங்கித் தட்டினால் கம்பி வளையும் அல்லது கொம்பு பிளக்கும். அலகு இறுகாமலும் தொங்காமலும் விரல் தள்ளினால் திறக்கிற அளவில் நிறுத்தினேன். மூடும்போது வாய் இரண்டு பிடிச் சுவருக்கும் நடுவில் விழுகிறது.

வாரை மறந்துவிடக் கூடாது. தினமும் சவரத்துக்கு முன் ஐம்பது அறுபது இழுப்பு. கல்லுக்கு நேர் எதிர்: இங்கே முதுகு முன்னால் போகும், வாய் பின்னால் வரும். கடைசியில் திருப்பும்போது கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே உருட்ட வேண்டும். நான் முதல் நாள் வாய்ப் பக்கமாகத் திருப்பி வாரில் ஒரு வெட்டுப் போட்டேன். வார் தளர்ந்து தொங்கினால் கூர் உருண்டுவிடும். இறுக்கிப் பிடியுங்கள், ஆனால் கத்தியை அழுத்தாதீர்கள். வேகம் தானாக வரும். பெரியப்பா தலையிலிருந்து ஒரு முடி பிடுங்கி ஒரு நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு வாயில் தொட்டுப் பார்த்தார். முடி சத்தமில்லாமல் இரண்டாக விழுந்தது. "இப்ப வெய்யி" என்றார்.

முதல் நாள் கன்னம் இரண்டும் மட்டும். குளித்த பிறகு, சோப்பு நன்றாக நுரைத்து இரண்டு நிமிடம் ஊறவிட்டு. காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு நுரை வெண்ணெய் மாதிரி நிற்கும். பட்டறை ஆழ்குழாய்த் தண்ணீரில் பாதிகூட வராது. மூன்று விரல் கத்தியின் கழுத்தின் மேல், சுண்டு விரல் அதன் வாலில், கட்டைவிரல் கீழே. இன்னொரு கையால் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, முப்பது டிகிரி சாய்வில், அதாவது முதுகுக்கும் கன்னத்துக்கும் இடையில் முதுகின் கனத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடைவெளி, கிருதாவிலிருந்து கீழே. காதுக்குப் பக்கத்தில் முடி அறுபடும் சத்தம் கேட்டது, காய்ந்த வைக்கோலை மெல்ல ஒடிக்கிற மாதிரி. மீதி முகத்தைப் பழைய ரேசரிலேயே முடித்தேன். கழுத்துக்கு இரண்டாம் வாரம் வந்தேன், மோவாய்க்கு ஒரு மாதம் கழித்து. கத்தியைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தவே கூடாது, காகிதம் விரலை வெட்டுவதுபோல் வெட்டிவிடும். வெட்டினால் படிகாரம். நனைந்த கையால் கத்தியைத் தொடாமல் இருக்கத் தோளில் ஒரு துண்டு, நிற்கிற இடத்தில் கீழே மடித்த சாக்கு. தரையில் விழுந்த கத்தி உருண்டை முனையாக இருந்தாலும் உடைந்துதான் போகும். கத்தி விழுந்தால் பிடிக்கப் போகாமல் கையையும் காலையும் விலக்கிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் கழுவி, முதுகிலிருந்து வாய் நோக்கித் துடைத்து, வாரில் பத்து இழுப்பு, திறந்தபடியே கொஞ்ச நேரம். குளியலறையில் வைப்பதில்லை. ஐப்பசி அடைமழையில் தினமும் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தடவுகிறேன். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், நாளானால் பிசுக்காகிறது.

ஐந்து மாதமாகிறது. நடுவில் ஒரு முறை 12000 கல்லில் இருபது இழுப்பு கொடுத்தேன், அவ்வளவே. கழுத்துக் கொப்புளம் போய்விட்டது. வலது தாடைக்குக் கீழே, முடி சுழியாக வளரும் ஒரு காசு அகல இடத்தை மட்டும் இன்னும் சரியாக வழிக்க வரவில்லை. தோலை எந்தப் பக்கம் இழுத்தாலும் பாதி முடி எதிர்வாக்கில் நிற்கிறது. பெரியப்பாவிடம் காட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்து, இரண்டு விரலை வைத்துத் தோலைக் காதுப் பக்கம் திருகி, "இப்படி இழுத்து, மேலேருந்து இல்ல, பக்கத்துலேருந்து வா" என்றார். ஞாயிற்றுக்கிழமை அப்படிச் செய்து பார்க்க வேண்டும்.